என் அழைப்பை வெட்டிய ஊர்

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் பேசும் பெட்டிகள் செய்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, உள்ளே சிம் அட்டை, வெளியே ஒரு கம்பி, கம்பியின் நுனியில் உணரி. கோழிப்பண்ணையில் மின்விசிறி நின்றாலும், பால் குளிரூட்டும் தொட்டியில் சூடு ஏறினாலும், குளிர்பதனக் கிடங்கின் கதவு திறந்து கிடந்தாலும் அந்தப் பெட்டி சம்பந்தப்பட்டவர்களைக் கைப்பேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடும். தமிழில் அப்படிச் சொல்வது என் குரல். நான் அறிவிப்பாளர் இல்லை, கணக்குப் பிரிவுக்காரி. நிறுவனம் சின்னதாக இருந்த காலத்தில், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சரக்கறைக்குள் என்னை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். "உங்க பேச்சுல மரியாதை இருக்குதுங்க பூங்கொடி" என்றார் முதலாளி. கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவளுக்கு அது ஒரு தகுதியா என்ன? எங்கள் ஊரில் மாட்டிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவோம்.

போன மழைக்காலத்தில் எங்கள் பொறியாளர் கார்த்திக் ஒரு திரையைக் காட்டினான். கேரள எல்லையில், பாறசாலைக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். அங்குள்ள ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா கசிவைக் கண்டுபிடிக்கும் எங்கள் பெட்டி இருக்கிறது. கசிந்தால் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் அழைப்பு போகும். ஒத்திகைக்காக ஒரு நாள் எல்லோரையும் அழைத்துப் பார்த்திருக்கிறார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் எடுத்தார்கள். விஷயத்துக்கு வருவதற்குள் அநேகமாக எல்லா வீட்டிலும் வெட்டியும்விட்டார்கள்.

"சிக்னல் நல்லா இருக்குதுங்க்கா. மனுசங்கதான் வெட்டறாங்க" என்றான் கார்த்திக்.

ஏன் வெட்டுகிறார்கள் என்று நேரில் பார்த்துவர யாராவது போக வேண்டும். குரலுக்குச் சொந்தக்காரியே போகட்டும் என்று முடிவானது.

பாறசாலையில் இறங்கியபோது மழை விட்டு வெயில் அடித்தது. ஆட்டோக்காரரிடம் தமிழில் விடுதியின் பெயரைச் சொன்னேன். அவர் மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு, வந்த அழைப்பில் மனைவியிடம் தமிழில் பேசினார். நடுவே குறுக்கே வந்த பைக் ஓட்டியைத் திட்ட மறுபடி மலையாளத்துக்குப் போனார். இறங்கும்போது, "வீட்டில் எந்த மொழி?" என்று கேட்டேன்.

"சண்டைன்னா தமிழ், சினிமான்னா மலையாளம்" என்றார். கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

விடுதிக்கு எதிரே ஒரு சாயாக்கடை. மேசையில் வைத்த தம்ளரில் இளஞ்சிவப்பாகச் சூடான நீர். சர்க்கரை போடாத தேநீர் என்று நினைத்துக் குடித்துவிட்டு, ஒன்றும் ருசியில்லையே என்று கடைக்காரரைப் பார்த்தேன். குடிதண்ணீரில் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். பிறகு ரசவடை வந்தது. எங்கள் வீட்டில் ரசம் சோற்றுக்கு, வடை காபிக்கு. இரண்டையும் சேர்த்துவைக்க எங்களுக்குத் தோன்றியதில்லை. இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

கல்லாவில் பணம் வந்ததைச் சொல்லும் சின்ன ஒலிப்பெட்டி இருந்தது. யாராவது கைப்பேசியில் பணம் அனுப்பினால் அது மலையாளத்தில் தொகையைச் சொல்லும். பக்கத்துப் பழக்கடையின் ஒலிப்பெட்டி தமிழில் சொன்னது. சாயாக்கடைக்காரர் முதுகைத் திருப்பி வடை போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி பேசியதும் திரும்பாமலே, "செரி, போயிட்டு வா" என்று வாடிக்கையாளரை அனுப்பினார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பெட்டி பேசினால் கேட்கிற ஊர்தான் இது. என் பெட்டியைத்தான் கேட்கவில்லை.

மறுநாள் நேராகக் கடற்கரைக்குப் போகாமல் மலைப்பக்கம் அம்பூரிக்குப் போனேன். அங்கே ரப்பர் ஷீட் உலர்த்தும் ஒரு புகைப்புரையில் எங்கள் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. அங்கே எடுபடுகிற குரல் கடற்கரையில் ஏன் எடுபடவில்லை என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். காரக்கோணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கியதும் பேருந்து பாதி காலியானது. அதன்பின் ஏற்றம். ஓர் இடத்தில் இஞ்சின் பெரிய பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லி ஓட்டுநரைச் சுற்றி நின்றிருப்போம். இங்கே பெண்கள் குடையை விரித்துக்கொண்டு பேசாமல் இறங்கி நடந்தார்கள். நடத்துநர் என்னிடம், "இந்த வண்டி இவ்வளவு ஏறினதே பெரிய காரியம்" என்று மலையாளத்தில் ஆறுதல் சொன்னார். மீதி வழியை ரப்பர் ஷீட் ஏற்றிய ஜீப்பில், ஷீட்டுகளின் மேலேயே உட்கார்ந்து கடந்தேன். அந்த வாடை என் பையை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று.

புகைப்புரை சசிகலாவுடையது. நாற்பதைத் தொடாத வயது. கணவர் மரத்தில் பால் எடுக்கிறார். பாலை உறைய வைத்து, ஷீட்டாக அடித்து, புகையில் உலர்த்துவது இவள் பொறுப்பு. நான் வாசலில் நின்று, "சசிகலாங்களா?" என்றேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒருக்கா கூடச் சொல்லுங்க."

"சசிகலாங்களா?"

"அய்யோ, இது நம்ம புகைப்புரைக்காரியாக்கும்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "எப்பளும் போன்ல பேசியவ, ஆளா வந்து நிக்கியா!"

வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. புளி இவ்வளவு இருண்ட நிறத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டேன். உள்ளே சூடு கூடினால் பெட்டி கூப்பிடும், உடனே ஓடிப்போய் அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவேன் என்றாள். முன்பெல்லாம் புரை பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அங்கிருந்து நகரவே முடியாதாம். இப்போது பெருங்கடவிளைச் சந்தைக்குத் தைரியமாகப் போய்வருகிறாள்.

"முதல்ல இருந்தே எடுத்துக் கேட்டீங்களா?"

அவள் சிரித்தாள். "இல்லக்கா. முதல் வாரம் வெட்டிக்கிட்டே இருந்தேன். 'வணக்கம்ங்க, இது ஒரு முக்கியமான தகவல்ங்க'ண்ணு தொடங்கினா ஆரு கேப்பா? லோன் வேணுமாண்ணு கேக்கிய பெண்ணு இப்பிடித்தான் பேசும். ஒரு நாளு வெட்டிட்டு வெளிய வந்து பாத்தா, ஒரு வரிசை ஷீட்டு கரிஞ்சு போச்சு. பொறவுதான் அந்த நம்பருக்குப் 'புகைப்புரை'ண்ணு பேரு போட்டு வச்சேன்."

என் மரியாதைதான் காரணம். பதிவு செய்தபோது மொத்தச் செய்தியிலும் எனக்கு அதிகம் பிடித்திருந்தது அந்த முதல் வரிதான்.

மூன்றாம் நாள் கடற்கரை. பேருந்து நின்ற இடத்திலிருந்து மணலில் நடக்க வேண்டும். இடப்பக்கம் மாதா சிலை வைத்த குருசடி, வலப்பக்கம் வலை உலர்த்தும் வெளி, அதையடுத்து தகரக்கூரை போட்ட ஐஸ் தொழிற்சாலை. எல்லோருக்கும் அது 'கம்பெனி'. கம்பெனியின் மதில் முடிகிற இடத்தில் வீடுகள் தொடங்கிவிடுகின்றன. நடுவில் ஒரு கைவண்டி போகிற அளவுக்குத்தான் சந்து.

மதிலை ஒட்டிய முதல் வீடு ஸ்டெல்லாவுடையது. அவர் மீன் ஏலம் விடுகிறவர். கணவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார். ஏலத்துக்குப் பழகிய குரல். சாதாரணமாகப் பேசினாலே அடுத்த சந்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் தெருவில் இருந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அந்த லோன்காரியா நீ?" என்றார் ஒருவர்.

"நானும் லோனுண்ணுதான் வெட்டினேன்."

"நான் வெட்டேல்ல. எனக்கு லோன் வேணும், அதுகொண்டு முழுசும் கேட்டேன். காத்து, திசை, எதிர்ப்புறம்ணு என்னெல்லாமோ சொல்லிச்சு. ஒரு எளவும் விளங்கேல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வரி எனக்கு மனப்பாடம். 'காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாகச் செல்லுங்க.' அறைக்குள் உட்கார்ந்து படித்தபோது தெளிவாகத்தான் இருந்தது. மூக்கு எரிகிற நேரத்தில் யார் திசை பார்ப்பார்கள்?

காற்றின் திசை பெட்டிக்குத் தெரியுமா என்று கார்த்திக்கிடம் போனில் கேட்டேன். பெட்டியோடு ஒரு காற்றுமானியும் கம்பெனிக் கூரையில் இருக்கிறதாம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கோயம்புத்தூர்த் திரையில் அம்புக்குறி காட்டிக்கொண்டே இருக்கும். "அந்த அம்பு இங்கே யாருக்குத் தெரியும்?" என்றேன். "நமக்குத்தானுங்க்கா" என்றான்.

இந்தக் கரையில் காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கும், வெயில் ஏறினால் கடலிலிருந்து ஊருக்கும் வீசும் என்று பெண்கள் சொன்னார்கள். அப்படியானால் இரண்டு செய்தி வேண்டும். அம்பைப் பார்த்துப் பெட்டியே சரியானதைத் தேர்ந்தெடுக்கட்டும். அதை இந்த ஊர்ப் பேச்சில் இந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லட்டும். எல்லாம் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஸ்டெல்லாவைப் பார்த்து, "நீங்களே பேசிக் குடுங்கக்கா" என்றேன்.

"நான் பேசமாட்டேன்" என்றார்.

கூச்சம் என்று நினைத்தேன். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனதும்தான் வேறு ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. ஸ்டெல்லா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார்.

"இந்தக் கம்பெனிய இஞ்சேருந்து மாத்தணும்ணு பஞ்சாயத்துல மனு குடுத்தது நானாக்கும். மதிலுக்கு அந்தாலப்பக்கம் அமோனியா, இந்தாலப்பக்கம் என் அடுப்பு. மாத்துகோம் மாத்துகோம்ணு சொல்லிட்டிருந்தாவ. உங்க பெட்டி வந்துது. இப்பம் போய்க் கேட்டா, 'அதான் பெட்டி வச்சிருக்கே, ஆபத்துண்ணா விளிக்குமே'ண்ணு சொல்லுகாவ. அதுல என் சத்தமும் இருந்தா? 'ஸ்டெல்லாவே சம்மதிச்சாச்சு'ண்ணு சொல்லுவாவ. மக்கா, உன் பெட்டி எங்களுக்குக் காவலா, கம்பெனிக்குக் காவலா?"

இப்படி ஒரு கேள்வியை எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. பெட்டி வைத்தால் ஆபத்து குறையும் என்றுதான் விற்கிறோம். சசிகலாவுக்கு அது குறைந்தும் இருக்கிறது. அவள் புரை, அவள் பெட்டி, அவள் கை எட்டும் தூரத்தில் விறகு. இங்கே பெட்டி கம்பெனி முதலாளியுடையது, மூக்கு இவர்களுடையது. தெரியாது என்றே சொன்னேன்.

"தெரியாதுண்ணு சொன்னியே, அது போதும்" என்றார். "நாளைக்கு வா. சாளை வாங்கி வைக்கியேன்."

நான்காம் நாள் சாளைப்பொரியலுக்காகவே போனேன் என்று சொன்னால் பொய்யில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. கம்பெனி வாசலில் ஐஸ் ஏற்ற லாரிகள் நின்றன. இரவு கடலுக்குப் போன ஆண்கள் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் கணவர் போன வள்ளம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஸ்டெல்லாவின் அடுக்களையில் முதல் மீனை எடுத்து வாயில் வைத்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம்ங்க. இது ஒரு முக்கியமான தகவல்ங்க. உங்கள் பகுதியில் அமைந்துள்ள..."

என் குரல். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "வெட்டியேனாண்ணு பாக்க டெஸ்ட் வச்சிருக்கியா?"

"நான் ஒண்ணும் வைக்கலைங்களே" என்றேன்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே வாடை வந்துவிட்டது. மூக்குக்குள் ஊசி இறக்கியதுபோல இருந்தது. ஸ்டெல்லா அடுப்பை அணைத்து, ஒரு துண்டைக் குடத்தில் முக்கி என் கையில் திணித்து, தெருவில் நின்று குரல் கொடுத்தார்.

"எலே, அமோனியா லீக்கு! கொச்சுகள எடு! பள்ளிக்குப் போவாத, காத்து அங்கோட்டாக்கும்! தெக்க சாடு, தெக்க சாடிக் கடக்கரைக்கு வா!"

கதவுகள் திறந்தன, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆபத்து என்றால் கிழக்கே உள்ள பள்ளிக்கு, அதாவது மாதா கோவிலுக்கு, ஓடுவது அந்த ஊரின் பழக்கம். சிலர் கிழக்கே திரும்பிவிட்டார்கள். ஸ்டெல்லா பின்னால் போய்ச் சத்தம் போட்டுத் தெற்கே திருப்பினார். "ஓடுங்க, வெளிய வாங்க" என்று நானும் கத்தினேன். யாரும் திரும்பக்கூட இல்லை. மூன்றாவது வீட்டின் கதவு சாத்தியே கிடந்தது. உள்ளே கைப்பேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"லாசர் உறங்குகான்! அவன எழுப்பு!" என்று ஸ்டெல்லா எனக்குச் சொல்லிவிட்டு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கதவைத் தட்டினேன். "ஏனுங்க, எந்திரிங்க" என்றேன். கண் எரிந்தது. துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, கதவைக் காலால் உதைத்தேன். "எலே லாசரு! எந்திரிலே!" என்று என் வாயிலிருந்துதான் வந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒருவரை முதன்முறையாக 'லே' போட்டுக் கூப்பிட்டேன். கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய உருவம் வெளியே வந்தது. கையில் கைப்பேசி. இருமிக்கொண்டே, "ஆருட்டீ நீ?" என்றார். பதில் சொல்லாமல் கையைப் பிடித்து இழுத்தேன்.

கடற்கரையில் காற்று சுத்தமாக இருந்தது. வள்ளங்களின் நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா வீடு வீடாகப் பெயர் சொல்லி ஆட்களைச் சரிபார்த்தார். ஒரு சிறுமி வாந்தி எடுத்தாள். லாசருக்குக் கண் கோவைப்பழமாகிவிட்டது. கடல்நீர் வேண்டாம் என்று நல்ல தண்ணீர் கொண்டுவந்து கண்ணைக் கழுவிவிட்டார்கள். உள்ளே வால்வை அடைத்துவிட்டோம் என்று கம்பெனி ஆப்பரேட்டர் வந்து சொன்னார். கசிவு சின்னது, ஆனால் தூங்குகிறவனின் வீட்டுக்குள் அது சின்னதில்லை.

அப்போதுதான் அது நடந்தது. வெட்டியவர்களை எங்கள் பெட்டி சிறிதுநேரம் கழித்து மறுபடி கூப்பிடும். கரையில் இருந்த கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. யாரோ எடுத்தார்கள், பிறகு எல்லோரும் எடுத்தார்கள். "வணக்கம்ங்க. இது ஒரு முக்கியமான தகவல்ங்க." முன்னும் பின்னுமாக, பத்திருபது இடங்களிலிருந்து நானே என்னிடம் நிதானமாகப் பேசினேன். முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு கரை முழுக்கப் பரவியது. லாசர் சிரிக்கவில்லை. "இதயா நான் வெட்டினேன்?" என்று கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கம்பெனி முதலாளி ராஜன் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்திலிருந்து பட்டுவேட்டியோடு வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை. முகம் வெளுத்திருந்தது. உங்களுக்கும் பெட்டி கூப்பிட்டிருக்குமே என்று கேட்டேன். அவர் மணலைப் பார்த்தார்.

"லோன் கம்பெனிண்ணு வெட்டிட்டேன்" என்றார் மெதுவாக.

ஸ்டெல்லா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார். இப்போது சத்தமாகப் பேசவில்லை. "முதலாளி, நான் பேசிக் குடுக்கியேன். ஆனா ஒரு காரியம் உண்டு. வால்வு கொஞ்சம் கசிஞ்சாலும் பெட்டிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கோயம்புத்தூருல இருக்கியவனுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. தெனமும் பெட்டி என்ன காட்டுதோ, அது எங்க போனுக்கும் வரணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். அது முடியுமா என்று நான் கார்த்திக்கைக் கேட்டேன். அமைப்பில் ஒரே ஒரு இடத்தில் அனுமதி கொடுத்தால் போதும், ஆனால் பெட்டி வாங்கியவர் சம்மதிக்க வேண்டும் என்றான். ஒலிபெருக்கியில் இருந்ததால் எல்லோரும் கேட்டார்கள். முதலாளி திரும்பி லாசரின் கண்ணைப் பார்த்தார்.

"செரி, குடுங்க" என்றார்.

ஐந்தாம் நாள் பதிவு. கடலோரத்தில் சத்தமில்லாத இடம் எங்கே கிடைக்கும்? அலை, காக்கை, வள்ளத்து இஞ்சின். கடைசியில் மீன் ஏற்றும், தடித்த சுவர் கொண்ட லாரிப் பெட்டி ஒன்று காலியாக நின்றது. நானும் ஸ்டெல்லாவும் அதற்குள் ஏறிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டோம். சரக்கறையில் பதிவு செய்தவளுக்கு இது பதவி உயர்வு. வாடை மட்டும் பொறுக்கமுடியவில்லை.

வெளியே நின்றவர்களுக்குள் ஒரே விவாதம். 'ஓடு' போதுமா, 'சாடு' வேணுமா? மலையாளத்தில் தனியாக வேண்டுமா? எழுபது வயதுக்காரரையும் 'எலே' என்பதா? "லீக்கு நேரத்துல மரியாதை வேண்டாம்" என்று அந்த எழுபது வயதுக்காரரே தீர்ப்புச் சொன்னார். ஸ்டெல்லா தன் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்றார் லாசர். "பேரு கேட்டா வெட்டமாட்டோம். வெட்டினா அவ வீட்டுக்கு வந்து அடிப்பா."

ஸ்டெல்லா தொண்டையைச் செருமினார். "எலே, நான் ஸ்டெல்லாவாக்கும். கம்பெனியில அமோனியா லீக்கு. கொச்சுகள எடு. உறங்கியவன எழுப்பு. தெக்க சாடிக் கடக்கரைக்கு வா." காற்று கடலுக்குப் போகிற காலைநேரத்துக்கு இன்னொன்று: "கடக்கரைக்குப் போவாத. பள்ளிமுற்றத்துக்கு வா." இரண்டும் முதல் தடவையே சரியாக வந்தன. என்னுடையதைவிடப் பாதி நீளம்கூட இல்லை.

ஒத்திகைக்கு அழைத்துப் பார்த்தோம். கோயம்புத்தூரில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கார்த்திக், "ஒருத்தரும் வெட்டலைங்க்கா" என்றான். ஸ்டெல்லாவின் கைப்பேசிக்கும் அழைப்பு வந்தது. தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "ஏலத்துல நிக்கியது மாதிரியே இருக்கு" என்றார். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

நான் ஊர் திரும்பினேன். அதன்பிறகு நடந்தவை போனில் கேட்டவை. தினமும் காலையில் அந்த வீடுகளுக்கெல்லாம் பெட்டியின் கணக்கு போனது. அநேக நாட்களில் ஒன்றுமிருக்காது. சில நாட்களில் கொஞ்சம் கசிந்திருக்கும். முன்பெல்லாம் "மூக்கு எரியுது" என்று பஞ்சாயத்தில் சொன்னால், "உங்களுக்குத் தோணுவதாக்கும்" என்பார்களாம். இப்போது தெருவே கைப்பேசியை நீட்டியது. ராஜன் முதலாளி இரண்டு தடவை வால்வு மாற்றிப் பார்த்தார். பிறகு, கம்பெனியைக் கடலிலிருந்து உள்ளே தள்ளி வேறொரு இடத்துக்கு மாற்றுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஸ்டெல்லா அதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டபோது நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பெட்டியயும் கூடக் கொண்டு போவாவளா?" என்று கேட்டார்.

"ஆமாங்கக்கா. கம்பெனி போற இடத்துக்குப் பெட்டியும் போகும்."

"அங்க ஆருக்கு விளிக்கும்?"

"அங்க பக்கத்துல இருக்கறவங்களுக்கு."

"பக்கத்துல வீடு உண்டா?"

எனக்குத் தெரியவில்லை. கார்த்திக்கைப் பார்த்தேன், அவனுக்கும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஸ்டெல்லா காத்திருக்கவில்லை. மறுநாள் ஏலம் முடிந்ததும் இரண்டு பேருந்து மாறி அந்த இடத்துக்கே போய்விட்டார். அங்கிருந்து கூப்பிட்டார். பின்னால் ஒரு பசு கத்தியது.

"மக்கா, மதிலு கெட்டப்போற இடத்துக்கு அந்தாலப்பக்கம் வீடு உண்டு. இவியளுக்கு ஒண்ணும் தெரியாது. ஐஸு கம்பெனி வருதுண்ணு சந்தோசமா இருக்காவ. நான் இருந்து எல்லாம் சொல்லிட்டுத்தான் வாறேன்."

"சரிங்கக்கா. உங்க குரல் எங்ககிட்ட இருக்குது. அதை என்ன பண்ணட்டும்? அங்க இருக்கறவங்க குரல்ல புதுசா எடுத்துக்கலாம்."

அவர் யாரிடமோ ஏதோ கேட்டார். ஒரு பெண் பதில் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு ஸ்டெல்லா திரும்பி வந்தார்.

"புதுசா எடு. இவ பேரு தங்கமணி. நல்ல சத்தமுண்டு. நீ எப்பம் வாற?"